தண்ணி அதிகமானதால இல்ல, இடம் மாறினதால

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 67 வயசு, பத்து வருஷமா பிபி, சுகர் ரெண்டும் இருக்கு. போன மாசம் ஒரு ராத்திரி ரெண்டரை மணிக்கு தூக்கத்துலேர்ந்து எந்திரிச்சு உக்காந்துட்டாரு. மூச்சு விட முடியல, உடம்பெல்லாம் சில்லுனு வேர்வை, நெஞ்சுக்குள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், துப்பினா லேசா ரோஸ் கலர்ல நுரை. நாங்க பயந்துபோய் படுக்க வச்சோம், இன்னும் மோசமாயிடுச்சு. ஆஸ்பத்திரில பிபி 220க்கு 120, ஆக்ஸிஜன் 78ன்னாங்க. நுரையீரல்ல தண்ணி கோத்துருக்குன்னு சொல்லி மூஞ்சில இறுக்கமா ஒரு மாஸ்க் மாட்டி, நாக்குக்கு அடியில ஸ்ப்ரே அடிச்சு, டிரிப்ஸ்ல பிபி மருந்து ஏத்தி, யூரின் போறதுக்கு ஒரு ஊசியும் போட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல பேச ஆரம்பிச்சிட்டாரு. ஆனா இப்ப வீட்ல சண்டை. மூச்சுத் திணறலுக்குப் போனா எதுக்கு பிபி மருந்து, ஊசி குத்தி தண்ணிய எடுத்திருக்கணும், சித்தப்பாவுக்கு அப்படித்தானே எடுத்தாங்கன்னு அண்ணன் கேக்குறான். அந்த டிரிப்ஸ் ஏறினப்ப தலை வெடிக்குதுன்னு அப்பா கத்தினாரு, அது ஏன்? அந்த யூரின் ஊசிய வீட்ல வாங்கி வச்சுக்கலாமா, இல்ல மாத்திரைய ரெண்டு மடங்கா குடுக்கலாமா? அப்பா ரெண்டு வாரமா பிபி மாத்திரைய நிறுத்தியிருந்தாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. முட்டி வலிக்கு வேற ஏதோ மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாரு.

பதில்:

வணக்கம்மா. பேச ஆரம்பிச்சிட்டாருன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எமர்ஜென்சில நாங்களும் மொதல்ல கவனிக்கிறது அதத்தான். மானிட்டர்ல நம்பர் ஓடிட்டே இருக்கும், ஆனா என் காது பேஷண்டோட வாய்கிட்டதான் இருக்கும். உள்ள வரும்போது "என்ன... பண்ணுது..."ன்னு ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குவாங்க, இருபது நிமிஷம் கழிச்சு மாஸ்குக்குள்ளேர்ந்தே "இத கழட்டுங்க சார், மூஞ்சி எரியுது"ன்னு ஒரே மூச்சுல திட்டுவாங்க. அந்தத் திட்டு கேட்டாதான் எனக்கு தோள் இறங்கும்.

அண்ணன் கேக்குறது தப்பான கேள்வி இல்ல, நெறய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு. நம்ம பேச்சுல ரெண்டு வேற வேற விஷயத்துக்கும் "நுரையீரல்ல தண்ணி"ன்னு ஒரே பேர வச்சிருக்கோம், அதுதான் பிரச்சனையே. சித்தப்பாவுக்கு இருந்தது அநேகமா நுரையீரலுக்கு வெளியில, அத சுத்தியிருக்கிற ரெண்டு சவ்வுக்கு நடுவுல தேங்கின தண்ணி. அது ஒரு பையில நிக்கிற மாதிரி நிக்கும், முதுகுப் பக்கமா ஊசி போட்டு உறிஞ்சலாம். அப்பாவுக்கு வந்தது நுரையீரலுக்கு உள்ளயே, கோடிக்கணக்கான குட்டிக் குட்டி காத்துப் பைகளுக்குள்ள ஊறின தண்ணி. நனைஞ்ச ஸ்பாஞ்ச்ல ஊசிய குத்தி எவ்ளோ தண்ணி எடுத்துட முடியும்? குத்தினா நுரையீரல்தான் ஓட்டையாகும். அந்தத் தண்ணிய வந்த வழியாவே, ரத்தக் குழாய்க்குள்ளயே திருப்பி அனுப்பணும், வேற வழி கிடையாது. அன்னைக்கு போட்ட மருந்து, மாட்டின மாஸ்க் எல்லாமே அதுக்குத்தான்.

சரி, தண்ணி எப்படி உள்ள வந்துச்சு. இதயத்தோட இடது பக்கம் நுரையீரல்லேர்ந்து வர்ற ரத்தத்த வாங்கி உடம்புக்குத் தள்ளும். பிபி திடீர்னு 220க்குப் போனா அது மூடின கதவ தள்ளுற மாதிரி தள்ளணும், முடியாம திணறும். முன்னாடி போகாதது பின்னாடி தேங்கும், பின்னாடி இருக்கிறது நுரையீரல். அங்க இருக்கிற மெல்லிசு ரத்தக் குழாய்ல அழுத்தம், பிபி அளக்குற அதே கணக்குல, சாதாரணமா 12 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும், 18ஐ தாண்டினா சுத்தி கசிய ஆரம்பிக்கும், 25க்கு மேல ஏறிட்டா காத்துப் பைக்குள்ளயே இறங்கிடும். உள்ள காத்தும் தண்ணியும் கொஞ்சம் ரத்த அணுவும் கலந்து கடையும்போதுதான் நீங்க பாத்த அந்த ரோஸ் நுரை.

இதுல ஒன்ன நல்லா கவனிங்க, நான் சொல்ல வர்றதே அதுதான். அப்பா உடம்புல அன்னைக்கு ராத்திரி மொத்தமா தண்ணி ரொம்ப அதிகமா இருந்திருக்கணும்னு அவசியமே இல்ல. இப்படி பிபி எகிறி ஒன்னு ரெண்டு மணி நேரத்துல வர்றவங்கள்ல நெறய பேருக்கு காலும் வீங்கியிருக்காது, வெயிட்டும் ஏறியிருக்காது. பயத்துலயும் மூச்சுத் திணறல்லயும் நரம்பு மண்டலம் உடம்பு பூரா ரத்தக் குழாய இறுக்கிப் பிடிக்கும், கை கால் வயித்துல எல்லாம் சும்மா தங்கியிருந்த ரத்தம் பிழிஞ்சு நெஞ்சுக்கு வந்து சேரும். பிபி இன்னும் ஏறும், இதயம் இன்னும் திணறும், தண்ணி இன்னும் கசியும், பயம் இன்னும் கூடும், இப்படியே ஒன்ன ஒன்னு துரத்திட்டு சுத்தும். அதான் அங்க மொத வேலையே யூரின்ல வெளிய தள்றது இல்ல, இறுகின குழாய தளர்த்துறது. உங்க அண்ணன் எதுக்குன்னு கேட்ட அந்த பிபி மருந்துதான் அன்னைக்கு அப்பாவோட மூச்சு மருந்து.

அதோட பேரு நைட்ரோகிளிசரின். நாக்குக்கு அடியில அடிச்ச ஸ்ப்ரேயும் அதேதான், ஒரு தடவை அடிச்சா 0.4 மில்லிகிராம், வெயின் ஊசி போடுற வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு திருப்பி அடிக்கலாம். அதுக்கப்புறம் டிரிப்ஸ்ல நிமிஷத்துக்கு 10, 20 மைக்ரோகிராம்னு ஆரம்பிச்சு பிபிய பாத்துப் பாத்து 200 வரைக்கும் கூட ஏத்துவாங்க, அப்பா மாதிரி பிபி ரொம்ப எகிறி வர்றவங்களுக்கு ஆரம்பத்துலயே 1 இல்ல 2 மில்லிகிராம மொத்தமா குடுக்குற டாக்டர்களும் இருக்காங்க. கம்மி டோஸ்ல அது பெரும்பாலும் வெயின்களத்தான் விரிக்கும், ரத்தம் கை கால்லயே தங்கிடும், நுரையீரலுக்கு வர்ற வரத்து குறையும். டோஸ் ஏற ஏற தமனியும் விரியும், இதயத்துக்கு முன்னாடி இருந்த அந்தக் கதவு திறக்கும். நிறுத்தினா சில நிமிஷத்துலயே உடம்ப விட்டுப் போயிடும், அந்த ஒரு தைரியத்துலதான் நாங்க இவ்ளோ வேகமா ஏத்துறோம். பிபி தேவைக்கு மேல இறங்குதா, டிரிப்ஸ நிறுத்து, அவ்ளோதான்.

தலை வெடிக்குதுன்னு கத்தினது அந்த மருந்து வேலை செஞ்சதால. நெஞ்சுல குழாய விரிக்கிற மருந்து தலையில மட்டும் விரிக்காம விடுமா. இது புதுசும் இல்ல, டைனமைட்டுக்குள்ள இருக்கிறதும் இதே நைட்ரோகிளிசரின்தான், அந்தக் காலத்துல அந்த ஃபேக்டரில வேலை பாத்தவங்க லீவு முடிஞ்சு திங்கக்கிழமை உள்ள போனாலே தலைவலியோட திரும்புவாங்களாம், ரெண்டு நாள் போனா பழகிடுமாம். (ஆஸ்பத்திரில இருக்கிற மருந்து வெடிக்காது, கவலைப்படாதீங்க, இதையும் கேட்டவங்க இருக்காங்க.) சாதாரண தலைவலி மாத்திரைக்கே அது அடங்கும்.

ஆனா எல்லாருக்கும் இத அடிச்சிட முடியாது. மேல் பிபி 90க்கு கீழ இருந்தா தொடவே கூடாது, இதயத்தோட வெளிவாசல் வால்வு ரொம்ப சுருங்கினவங்களுக்கு யோசிச்சுதான் குடுக்கணும், வலது பக்க இதயத்துல அட்டாக் வந்திருந்தா பிபி தடால்னு விழுந்துடும். இன்னொன்னு, இத சொல்ல வேண்டியவங்க வாய திறக்கவே மாட்டாங்க. ஆண்மைக் குறைவுக்கு சாப்பிடுற மாத்திரை, சில்டெனாஃபில்னா அதுக்கப்புறம் 24 மணி நேரம், டடாலாஃபில்னா 48 மணி நேரம் இந்த மருந்த குடுக்கவே கூடாது, ரெண்டும் சேந்தா பிபி பாதாளத்துக்குப் போயிடும். பொண்ணு பக்கத்துல நிக்கும்போது எந்த அப்பாவும் இதுக்கு ஆமான்னு சொல்ல மாட்டாரு. அதனால எமர்ஜென்சில டாக்டர் "கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா"ன்னு சொன்னா கோவிச்சுக்காம நில்லுங்க, அந்த அரை நிமிஷத்துல கேக்க வேண்டிய கேள்வி இதுவும் ஒன்னு.

இப்ப யூரின் ஊசி. ஃபியூரோசமைட், வழக்கமா இந்த மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு 20லேர்ந்து 40 மில்லிகிராம், ஏற்கனவே சாப்பிடுறவங்களுக்கு அவங்க மாத்திரை அளவுக்குக் கொறையாம, சமயத்துல ரெண்டு ரெண்டரை மடங்கு வரைக்கும் வெயின்ல போடுவோம். நல்ல மருந்து, நான் கொற சொல்லல, உடம்புல நிஜமாவே தண்ணி சேந்தவங்களுக்கு, அதாவது கால் வீங்கி வயிறு உப்பி ஒரு வாரமா கொஞ்சம் கொஞ்சமா மோசமாகி வர்றவங்களுக்கு இதுதான் கதாநாயகன். ஆனா யூரின் நல்லா போறதுக்கு அர மணி நேரமாவது ஆகும், அதுவும் பிபி எகிறி குழாயெல்லாம் இறுகிக் கெடக்கும்போது கிட்னிக்கே ரத்தம் சரியா போகாது, அப்ப இன்னும் லேட்டாகும். அப்பாவுக்கு அர மணி நேரம் காத்திருக்கிற நிலைமை இல்ல.

1998ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, இதே மாதிரி நுரையீரல்ல தண்ணியோட வந்த 104 பேர ரெண்டா பிரிச்சாங்க. 52 பேருக்கு நைட்ரேட், அதாவது நைட்ரோகிளிசரின் வகை மருந்து, தூக்கலா, யூரின் ஊசி கம்மியா. மீதி 52 பேருக்கு அப்படியே தலைகீழா. மொத குரூப்ல 7 பேருக்குத்தான் வென்டிலேட்டர் வேண்டியிருந்துச்சு, ரெண்டாவது குரூப்ல 21 பேருக்கு. சின்ன ஆய்வுதான், ஆனா நாங்க ஊசிய கையில எடுக்குற வரிசைய மாத்தினதுல அதுக்கு பங்கு உண்டு. யூரின் பேக் நெறஞ்சத பாத்து "தண்ணி வெளிய வந்துடுச்சு, அதான் மூச்சு வந்துச்சு"ன்னு சொந்தக்காரங்க நெனைப்பாங்க, பேக் கண்ணுக்குத் தெரியுது, குழாய் விரிஞ்சது தெரியலையே. பாதி நேரம் பேக் நெறையறதுக்கு முன்னாடியே மூச்சு வந்திருக்கும்.

மாஸ்க் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடுறேன், ஏன்னா மருந்துக்கு சமமான மருந்து அது. வெறும் ஆக்ஸிஜன் மாஸ்க் இல்ல அது, சிபாப் இல்ல பைபாப்னு ஒரு மெஷின், காத்த ஒரு அழுத்தத்தோட உள்ள தள்ளிட்டே இருக்கும். மூடிப்போன காத்துப் பைய திறக்கும், நெஞ்சுக்குள்ள அழுத்தம் கூடுறதால இதயத்துக்கு வர்ற ரத்தமும் குறையும், தள்ளுற வேலையும் லேசாகும். பிரிட்டன்ல 1069 பேர வச்சு பண்ணி 2008ல வெளியான ஆய்வுல, சாதாரண ஆக்ஸிஜன விட இதுல மூச்சுத் திணறல் சீக்கிரம் அடங்குச்சு, ஆனா ஒரு வாரத்துல உயிரிழப்புல வித்தியாசம் தெரியல. அதனால மாஸ்க் மட்டும் மாட்டிட்டு மருந்த மெதுவா பாத்துக்கலாம்னு இருக்க முடியாது. மாட்டின மொத அஞ்சு நிமிஷம்தான் கொடுமை. மூச்சு முட்டுற மனுஷன் மூஞ்சில போய் இன்னொன்ன அமுக்கினா புடுங்கத்தான் பாப்பாரு, அடிச்சவங்களும் உண்டு. நான் பட்டைய உடனே மாட்ட மாட்டேன், கையால மாஸ்க மூஞ்சிமேல சும்மா புடிச்சுட்டு "என்கூட சேந்து இழுங்க, விடுங்க"ன்னு சொல்லிட்டே நிப்பேன், ஒரு பத்துப் பதினஞ்சு மூச்சுல அவர் கை என் மணிக்கட்ட விட்டுடும், அப்புறம்தான் பட்டை.

ஒரு காலத்துல இதுக்கு மார்ஃபினும் போடுவோம். நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நுரையீரல்ல தண்ணின்னாலே கை தானா மார்ஃபினுக்குப் போகும், அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, பேஷண்டும் அமைதியாயிடுவாரு, எங்களுக்கும் திருப்தி. ஆனா அந்த அமைதில மூச்சும் சேந்து அமைதியாகுதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது, போட்டவங்கள்ல வென்டிலேட்டர் தேவை அதிகமா இருந்தத பெரிய பதிவேடுகள்ல பாத்தாங்க. 2021 ஐரோப்பிய இதயநோய் சங்க வழிகாட்டுதல்லயே வழக்கமா குடுக்க வேண்டாம்னு போட்டாச்சு. இப்ப நான் அத தொடுறது ரொம்ப அபூர்வம். அதுக்கும் முந்தின தலைமுறை இன்னும் மேல, கை காலுக்கு மாத்தி மாத்தி கட்டுப் போட்டு ரத்தத்த அங்கயே நிறுத்துவாங்க, சிலருக்கு ரத்தத்தயே எடுத்து விடுவாங்க. கேக்க காட்டுமிராண்டித்தனமா இருக்கும், ஆனா யோசிச்சுப் பாத்தா நைட்ரோகிளிசரின் பண்றதும் அதேதான், நெஞ்சுக்கு வர்ற ரத்தத்த கொஞ்ச நேரம் வெளியிலயே நிறுத்துறது.

அப்பாவுக்கு பண்ணினதத்தான் எல்லாருக்கும் பண்ணுவாங்கன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. பிபி 80ல வந்து நுரையீரல்லயும் தண்ணி இருந்தா அது வேற கதை, பயங்கரமான கதை, அங்க குழாய விரிச்சா ஆள் போயிடுவாரு. நாரட்ரினலின், டோபுட்டமின்னு இதயத்தயும் பிபியயும் தூக்கிப் பிடிக்கிற மருந்து ஐசியுல வேணும். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு யூரின் ஊசி பேருக்குத்தான், டயாலிசிஸ்தான் வழி. ரொம்ப உயரமான மலைக்கு வேகமா ஏறினவங்களுக்கு இதயம் நல்லா இருந்தும் தண்ணி கோக்கும், அவங்களுக்கு ஆக்ஸிஜனும் கீழ இறக்குறதும்தான் மருந்து, யூரின் ஊசிக்கு அங்க வேலையே இல்ல. கடுமையான நிமோனியா, ரத்தத்துல கிருமின்னு வர்ற தண்ணி இன்னொரு ரகம், அதுல அழுத்தம் கூடி கசியல, குழாயோட சுவரே ஓட்டையாயிடுச்சு. எக்ஸ்ரேல இதெல்லாம் ஒரே மாதிரி வெள்ளையா தெரியும்.

இதனாலதான் நீங்க கேட்ட அந்த ஊசி விஷயத்துக்கு என் பதில் வேண்டாம்ங்கிறது. ரெண்டரை மணிக்கு வேர்த்துக் கொட்டுற மனுஷனுக்கு வீட்ல வெயின் கிடைக்காது, கெடச்சாலும் நிமிஷத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல வேகமா தள்ளினா காது இரைச்சல்லேர்ந்து கேக்காம போற வரைக்கும் வரலாம். அதெல்லாத்த விட பெரிய ஆபத்து, ஊசி போட்டாச்சு, கொஞ்ச நேரம் பாப்போம்னு உக்காந்துடுவீங்க. மாத்திரை அதுக்கும் மேல லேட். வாய்வழி போனா சராசரியா பாதிதான் ரத்தத்துல சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும், குடலே வீங்கியிருந்தா இன்னும் மெதுவா. அவசரத்துக்கு ஆகாது. தினமும் சாப்பிடுற டோஸ வெயிட் பாத்து கூட்டிக் கொறைக்கிறது வேற விஷயம், அது உங்க கார்டியாலஜிஸ்ட் எழுதிக் குடுத்தா செய்யலாம், நீங்களா ரெண்டு மடங்கா குடுத்தா பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகும், கிட்னியும் அடிவாங்கும்.

திரும்ப வந்தா என்ன பண்றதுன்னு கேட்டீங்கன்னா, படுக்க வைக்காதீங்க. அன்னைக்கு தெரியாம செஞ்சிட்டீங்க, விடுங்க, மூச்சு முட்டுறவங்கள படுக்க வைக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். படுத்தா கால்ல இருக்கிற ரத்தமெல்லாம் நெஞ்சுக்கு வந்துடும். கட்டில் ஓரத்துல உக்கார வச்சு காலத் தொங்க விடுங்க, முதுகுக்கு தலகாணி, இல்லன்னா முன்னாடி ஒரு டேபிள்ல சாய விடுங்க. தண்ணி குடுக்க வேண்டாம், ஆவி பிடிக்க வைக்க வேண்டாம். விசில் சத்தம் கேக்குதேன்னு யாரோட இன்ஹேலரயாவது எடுத்து அடிச்சுட்டு காத்திருக்காதீங்க, காத்துக்குழாய் சுத்தி தண்ணி ஊறினாலும் ஆஸ்துமா மாதிரியேதான் சத்தம் வரும். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, சொந்தக் கார்ல கொண்டுபோனா ஆஸ்பத்திரி வாசல்ல தான் ஆக்ஸிஜனே ஆரம்பிக்கும், ஆம்புலன்ஸ்லன்னா வழியிலயே ஆரம்பிக்கலாம். நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையோ ஸ்ப்ரேயோ அப்பாவுக்குன்னு டாக்டர் ஏற்கனவே எழுதிக் குடுத்திருந்தா, அதுவும் எந்த பிபிக்கு மேலன்னு எழுதியிருந்தா, அத பண்ணலாம். அடுத்த விசிட்ல இத கண்டிப்பா கேளுங்க.

கடைசியா நீங்க போற போக்குல எழுதின அந்த ரெண்டு வரிக்கு வர்றேன், எனக்கு லெட்டர்லயே அதுதான் முக்கியமா பட்டுச்சு. பிபி மாத்திரைய ரெண்டு வாரம் நிறுத்தினது, அதோட முட்டி வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா மாத்திரைங்க உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், பிபிய ஏத்தும், யூரின் மருந்தோட வேலையையும் கெடுக்கும். ஒரு பக்கம் பிரேக்க எடுத்துட்டு இன்னொரு பக்கம் ஆக்ஸிலரேட்டர மிதிச்ச மாதிரி ஆயிடுச்சு. வலிக்கு பாராசிட்டமால்லேர்ந்து ஆரம்பிக்கலாம், அதுக்கு மேல வேணும்னா அந்த முட்டி டாக்டர்கிட்ட இந்த ராத்திரி கதைய மொத்தமா சொல்லிட்டு அப்புறம் வாங்குங்க. ஆனா இது ரெண்டுதான் காரணம்னு நீங்களே முடிவு கட்டிடாதீங்க, சுகர் இருக்கிறவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாம அட்டாக் வந்து இப்படி தண்ணி கோக்கும், அன்னைக்கு ஈசிஜியும், அட்டாக்க காட்டிக் குடுக்குற ட்ரோபோனின்ங்கிற ரத்த டெஸ்ட்டும் பாத்தாங்களான்னு டிஸ்சார்ஜ் சம்மரில பாருங்க. எக்கோவுல, அதாவது இதயத்த பாக்குற ஸ்கேன்ல, பம்பிங் நார்மல்னு போட்டிருந்தா "அப்ப ஹார்ட்ல ஒன்னுமில்ல"ன்னு அண்ணன் சொல்லுவாரு, அதுவும் இல்ல, நல்லா சுருங்குற இதயம் சரியா விரியாம விறைச்சுப் போயிருந்தாலும் இது வரும், பிபிக்காரங்களுக்கு அதுதான் பெரும்பாலும். ரெண்டாவது தடவ, மூணாவது தடவன்னு இதே மாதிரி திடீர் திடீர்னு வந்தா, கிட்னிக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கான்னு ஸ்கேன் பாக்கச் சொல்லிக் கேளுங்க.

தினமும் காலைல யூரின் போயிட்டு அப்பாவ வெயிட் பாக்க வைங்க, மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா டாக்டருக்கு போன் பண்ணுங்க. ஆனா அப்பாவுக்கு வந்த ரகத்துக்கு வெயிட் முன்கூட்டியே காட்டிக் குடுக்கும்னு நம்பி இருக்க முடியாது, அதனால பிபி மெஷின் ஒன்னு வாங்கி காலைலயும் ராத்திரியும் எழுதி வைங்க, அந்த நோட்டுலயே அவர் சாப்பிடுற எல்லா மாத்திரையோட பேரும் இருக்கட்டும். எல்லா மாத்திரையும்னு சொன்னேன், உங்களுக்குத் தெரியாத மாத்திரை ஏதாவது இருந்தா அத அவரையே எழுதி மடிச்சு உள்ள வைக்கச் சொல்லுங்க, நீங்க பிரிச்சுப் பாக்க வேண்டாம், எமர்ஜென்சில நாங்க பாத்துக்குறோம்.